அந்தக் காருக்குள்ளும் ஒருவர் இருக்கிறார்!

(கருத்துக் கட்டுரை – ஒன்பதாம் வகுப்பு மாணவி)



போன மாதச் சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அண்ணா ஒருவர் "கம்ப்யூட்டர் விளையாட்டால் கெடும் மாணவர்கள்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் எழுதியதில் பாதி சரி. மீதிப் பாதியில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. நான் ஒரு தப்பு செய்தேன், அதில் இருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எப்படி ஆரம்பித்தது?

கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அண்ணன் மெக்கானிக்கல் படிக்கிறார். அவருக்குக் கார் பந்தயம் என்றால் உயிர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. பார்முலா ஒன் பந்தயத்தில் 2005-ல் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பந்தயத் தடமே இருக்கிறது.

அண்ணன் பழைய ஸ்டீரிங் ஒன்றும் பெடலும் வாங்கி மேஜையில் இறுக்கி வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் "ரேஸ்ரூம்" என்ற சிமுலேட்டர். சும்மா பட்டனை அழுத்தினால் பறக்கிற விளையாட்டு இல்லைங்க இது. டயர் சூடாவதையும் தேய்வதையும் அது கணக்குப் போடும். வளைவில் வேகமாகத் திருப்பினால் ஸ்டீரிங் கையை வெடுக்கென்று இழுக்கும். முதல் நாள் எனக்கு மணிக்கட்டே வலித்துவிட்டது.

அண்ணன் ஒரு குழுவில் சேர்ந்திருந்தார். பல நாட்டுக்காரர்கள் இணையத்தில் சேர்ந்து டூரிங் கார் பந்தயம் ஓட்டுகிற குழு. டூரிங் கார் என்றால் பார்முலா ஒன் மாதிரி சக்கரம் வெளியே தெரிகிற கார் இல்லை. ரோட்டில் ஓடும் சாதாரணக் காரின் உருவத்தில் இருக்கும், பந்தயத்துக்காக மாற்றிச் செய்தது. உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப் என்று 2005 முதல் 2017 வரை நடந்தது. நம் நாட்டுத் தேசியப் பந்தயங்களிலும் "இந்தியன் டூரிங் கார்ஸ்" என்று ஒரு பிரிவு உண்டு.

இந்தப் பந்தயங்களில் எல்லாக் கார்களும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடும். ஓடுவதற்காகவே விதி செய்திருக்கிறார்கள். ஜெயித்த காரில் அடுத்த பந்தயத்துக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள். பல தொடர்களில் இரண்டாவது பந்தயத்துக்கு முதல் பத்துப் பேரைத் தலைகீழாக நிறுத்துவார்கள். பத்தாவது ஆள் முன்னால், முதல் ஆள் பத்தாவதாக! அதனால் வேகமானவர் மெதுவானவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது உரசல் வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நான் செய்த தப்பு

அடுத்து வரும் பந்தயம் இத்தாலியில் உள்ள மோன்சா தடத்தில் என்று அறிவித்தார்கள். 1922-ல் கட்டிய தடம், ஒரு சுற்று 5.793 கிலோமீட்டர். அண்ணனுக்குக் கல்லூரியில் தேர்வு. "பாப்பா, இந்த வாரம் என் இடத்துல நீ ஓட்டு"ன்னு சொன்னார். குழுவிலும் கேட்டுச் சொல்லிவிட்டார்.

எனக்குத் தரை கால் படவில்லை. ஒரு வாரம் பயிற்சி செய்தேன். என்ன பயிற்சி? ஒரே ஒரு பயிற்சிதான். தனியாகத் தடத்தில் போய் வேகமாகச் சுற்றுவது. கெட்டால் அழித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து. ஆறாம் நாள் 2 நிமிடம் 5 விநாடியில் ஒரு சுற்று முடித்தேன். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குது அம்மிணி, சாப்பிட வா" என்றார்.

பந்தய நாள். 20 கார்கள். நான் எட்டாவது இடத்தில் நிற்கிறேன். விளக்கு அணைந்தது, கிளம்பினோம்.

மோன்சாவில் நீண்ட நேர் பாதை முடிந்ததும் வலது பக்கம் ஒடித்து, உடனே இடது பக்கம் ஒடிக்க வேண்டும். 200-க்கு மேல் வேகத்தில் வந்து இரண்டாவது கியருக்கு இறங்கணும். மூன்று நான்கு கார் அகலத்தில் வருகிற கூட்டம் ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு இடத்துக்குள் நுழையணும். நான் தனியாகப் பயிற்சி செய்தபோது எந்தப் பலகையைப் பார்த்து பிரேக் பிடிப்பேனோ, அதே பலகையில் பிடித்தேன். ஆனால் என் முன்னால் கார் இருந்ததே! அவர் எனக்கு முன்னாடியே பிடித்துவிட்டார். நேராகப் போய் அவர் பின்னால் இடித்தேன். அவர் சுற்றிப் புல்லுக்குள் போனார். அவர் மேல் இன்னும் இரண்டு பேர் மோதினார்கள். அவர் கடைசி ஆளாகத் திரும்பி வந்தார்.

நான் பந்தயத்தை ஏழாவதாக முடித்தேன். துள்ளிக் குதித்தேன். அப்போது சாட் பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. போலந்தில் இருந்து ஓட்டுகிறவர். திட்டவில்லை. "இந்தப் பந்தயத்துக்காக நான் பன்னிரண்டு நாள் பயிற்சி செய்தேன்" என்பதுதான் அதன் பொருள். அவ்வளவுதான்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஆறு நாள் பயிற்சி செய்தேன், அவர் பன்னிரண்டு நாள். அவருடைய பன்னிரண்டு நாளும் என்னால் முதல் வளைவிலேயே முடிந்துபோனது. திரையில் பார்க்கும்போது அது ஒரு வெள்ளைக் கார். அதற்குள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தோணவே இல்லை.

அண்ணன் சிரித்தார். "இது டூரிங் காரு பாப்பா. இடிச்சுக்கிட்டுப் போறதுதான் டூரிங் காரு. உரசாம ஓட்டணும்னா நீ தேர்தான் ஓட்டணும்."

இங்கேதான் நான் அண்ணனோடு மாறுபடுகிறேன். உரசுவது வேறு, இடிப்பது வேறு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது கதவும் கதவும் படுவது உரசல். பிரேக் பிடிக்கத் தெரியாமல் ஒருவர் முதுகில் போய் விழுவது இடி. முதலாவது பந்தயம். இரண்டாவது, தயாராகாமல் வந்ததன் அடையாளம்.

அப்படியானால் தயாராவது என்றால் என்ன?

என் கருத்து இதுதான்: இணையப் பந்தயத்துக்குத் தயாராவது என்பது வேகமாக ஓட்டக் கற்பது மட்டும் இல்லை. மற்றவர் பந்தயத்தைக் கெடுக்காமல் கடைசி வரை ஓட்டக் கற்பது. அடுத்த பந்தயம் இரண்டு வாரம் கழித்து, அதே மோன்சாவில். அண்ணனிடம் கெஞ்சி அதையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் பெரியப்பா ஒரு விதி போட்டார். "தினம் அரை மணி நேரம்தான்." அண்ணனுக்கு ராத்திரி முழுக்க, எனக்கு அரை மணி! கோபம்தான் வந்தது. ஆனால் அரை மணி என்பதால்தான் நோட்டு போட்டுத் திட்டமிட்டேன். என் நோட்டில் இருந்து சொல்கிறேன்.

ஒன்று: ஒரு வேகச் சுற்று வேண்டாம், பத்து ஒரே மாதிரிச் சுற்று வேண்டும். பந்தயம் 20 நிமிடம், அதாவது ஏறக்குறைய பத்துச் சுற்று. ஒரு தடவை சுற்றி நின்றால் எனக்கு 12 விநாடி போகிறது. சுற்றுக்கு ஒரு விநாடி மெதுவாக ஓட்டினாலும் பத்துச் சுற்றுக்கு 10 விநாடிதான் நஷ்டம். கணக்கு யார் பக்கம் என்று நீங்களே பாருங்கள். அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதை நிறுத்தினேன். தப்பு செய்தாலும் தொடர்ந்து ஓட்டிப் பத்தையும் எழுதினேன். முதல் நாள் நல்ல சுற்றுக்கும் மோசமான சுற்றுக்கும் இடையே 14 விநாடி வித்தியாசம். பத்தாம் நாள் ஒரு விநாடிக்குள் வந்தது.

இரண்டு: குளிர்ந்த டயர். நாங்கள் ஓட்டும் வகைக் கார்களில் இன்ஜின் முன் சக்கரத்தைத்தான் இழுக்கும். மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு முன்னால் இழுக்கிறது, வண்டி பின்னால் வருகிறது. முன் டயருக்கு இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும் பங்கு என்று மூன்று வேலை, அதனால் சீக்கிரம் சூடாகும். பின் டயர் சும்மா உருண்டு வருவதால் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குக் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. அந்த நேரத்தில் வளைவுக்குள் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் லேசாகி, வண்டி சுற்றிவிடும். இறக்கத்தில் மாட்டை மட்டும் திடீரென்று பிடித்தால் வண்டி தள்ளிக்கொண்டு போகுமே, அது போல. நாம் சுற்றினால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்? நம் மேல்தான் ஏறுவார். அதனால் தினமும் டயர் குளிர்ந்த நிலையில் இருந்து முதல் இரண்டு சுற்றை மட்டும் தனியாகப் பழகினேன்.

மூன்று: முன்னால் கார் இருக்கும்போது பழகுவது. கம்ப்யூட்டரே ஓட்டும் கார்களை இருபது சேர்த்துக்கொண்டு, கிளம்புவதை மட்டும் பழகினேன். கிளம்பு, முதல் வளைவு, நிறுத்து. மறுபடி கிளம்பு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. அப்போதுதான் தெரிந்தது: கூட்டத்தில் பலகையைப் பார்க்கக் கூடாது, முன்னால் இருக்கும் காரைப் பார்க்க வேண்டும். அதையும் தாண்டி அவருக்கு முன்னால் இருக்கும் காரைப் பார்க்க வேண்டும். முன் கார் காற்றைத் தடுப்பதால் பின்னால் போகிற நமக்கு வேகமும் கூடும். ஆகவே இன்னும் முன்னாடியே பிரேக்.

நான்கு: இணையத் தாமதம். இதை நான் அறிவியல் ஆசிரியரிடமும் காட்டினேன். குழுவின் சர்வர் ஜெர்மனியில் இருக்கிறது. நம் வீட்டில் இருந்து செய்தி போய் வர 150 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 55.5 மீட்டர். அதை 0.15-ஆல் பெருக்கினால் 8.3 மீட்டர். ஒரு டூரிங் காரின் நீளம் நாலரை மீட்டர் போல இருக்கும். ஆக, என் திரையில் தெரியும் கார் உண்மையில் ஏறக்குறைய இரண்டு கார் நீளம் தள்ளி இருக்கலாம்! இடையில் தெரிவதெல்லாம் கம்ப்யூட்டரின் ஊகம். அதனால் "என் திரையில் நான் இடிக்கவே இல்லை" என்று இருவருமே சத்தியம் செய்யலாம், இருவருமே உண்மை சொல்கிறவர்களாகவும் இருக்கலாம். இதற்கு மருந்து ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவதை விடக் கொஞ்சம் கூடுதல் இடம் விடுவது.

ஐந்து: வீட்டைத் தயார் செய்வது. சிரிக்காதீர்கள், இது முக்கியம். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போட்டோம். மின்சாரம் போனால் நிற்காமல் இருக்க கம்ப்யூட்டரையும் மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டினோம். அந்த 20 நிமிடம் யாரும் படம் டவுன்லோடு செய்யக் கூடாது என்று பெரியப்பாவிடமே சொன்னேன். பாதியில் இணைப்பு தடுமாறினால் நம் கார் மற்றவர் திரையில் இங்கும் அங்கும் குதிக்கும். அதுவும் அடுத்தவருக்குத் தொல்லைதான்.

ஆறு: பழைய பந்தயத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. என் காரில் இருந்து பார்க்கவில்லை. அந்தப் போலந்துக்காரர் காரில் இருந்து பார்த்தேன். கண்ணாடியில் ஒரு சிவப்புக் கார் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அவர் திருப்ப ஆரம்பித்துவிட்டார், ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சிவப்புக் கார் நான். மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை பார்க்க முடியவில்லை.

"எல்லாரும் இடிக்கும்போது நான் மட்டும் நல்லவனா?"

அண்ணன் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிய ஓட்டுநர்களே இதில் தவறியிருக்கிறார்கள். 2020-ல் கொரோனாவால் பந்தயங்கள் நின்றபோது உண்மையான ஓட்டுநர்கள் வீட்டில் இருந்து சிமுலேட்டரில் ஓட்டினார்கள். அமெரிக்காவின் இண்டிகார் இணையப் பந்தயம் ஒன்றில், கடைசிச் சில சுற்றுகளில், லாண்டோ நாரிஸின் கார் முன்னால் சைமன் பஷெனோ வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். இருவரும் மோதி, நாரிஸின் வெற்றி வாய்ப்பு போனது. இடிக்க நினைக்கவில்லை, தாமதப்படுத்தவே நினைத்தேன் என்று அவர் பிறகு சொன்னார். 2019-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை ஜெயித்தவர் அவர்! உண்மையான தடத்தில் அப்படிச் செய்திருப்பாரா? செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். உண்மையில் இடித்தால் உடம்பு வலிக்கும், கார் செலவு வைக்கும். இங்கே ஒரு பட்டனை அழுத்தினால் புதுக் கார். வலி இல்லாத இடத்தில்தான் நாம் யார் என்பது தெரிகிறது.

இதனால்தான் ஐரேசிங் என்ற சிமுலேட்டரில் வேகத்துக்கு ஒரு மதிப்பெண், பத்திரமாக ஓட்டுவதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். தடத்தை விட்டு இறங்கினால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரை பலமாக இடித்தால் 4 என்று குற்றப் புள்ளி சேரும். நம் பள்ளியில் பாட மதிப்பெண்ணும் நன்னடத்தையும் தனித்தனியாக இருப்பது போல. ஆனால் எங்கள் குழு சின்னக் குழு. அங்கே அந்த மதிப்பெண்ணை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பந்தயம்

தயாராகிப் போனேன், ஜெயித்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

பந்தயத்துக்கு முன்னால் சாட் பெட்டியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. நான் பதினான்காவதாக நின்றேன். முதல் வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடித்தேன். இருவர் என்னைத் தாண்டிப் போனார்கள். போனவர்கள் முன்னால் நடந்த மோதலில் மாட்டிக்கொண்டார்கள். மொத்தம் ஆறு கார் அங்கே நின்றது. நான் நடுவில் புகுந்து பத்தாவதாக வெளியே வந்தேன்.

ஐந்தாம் சுற்றில் பின்னால் வெள்ளைக் கார் வந்தது. அவர்தான்! லெஸ்மோ வளைவில் உள்பக்கம் நுழைந்தார். எனக்குக் கை நடுங்கியது. அவர் நினைத்தால் என்னைச் சரளைக்குள் தள்ளியிருக்கலாம், கேட்க ஆள் இல்லை. ஆனால் அவர் வெளிப்பக்கத்தில் சரியாக ஒரு கார் அகலத்துக்கு இடம் விட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வளைந்தோம். கதவு லேசாகப் பட்டது. அவர் முன்னால் போனார்.

அதற்கு அடுத்த சுற்றில் வேறொருவர் என்னை இடித்தார். சுற்றினேன். மன்னிப்பும் கேட்கவில்லை. பதினைந்தாவதாக முடித்தேன். போன தடவை ஏழு, இந்தத் தடவை பதினைந்து. எண்ணைப் பார்த்தால் நான் கெட்டுப்போய்விட்டேன். ஆனால் அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன். "என்ன அம்மிணி, ஜெயிச்சுட்டியா?" என்று பெரியம்மா கேட்டார்.

முடிவாக...

பத்தாம் வகுப்பு அண்ணாவுக்கு என் பதில் இதுதான். ராத்திரி முழுக்க விழித்து, கெட்டால் அழித்து, இடித்தால் சிரித்து ஆடினால் நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. அது நேர விரயம்தான். அரை மணி நேரம் நோட்டு வைத்துப் பழகினால் அது பயிற்சி. பிரிட்டனின் ஜேம்ஸ் பால்ட்வின் சிமுலேட்டரில் பழகி 2019-ல் ஒரு போட்டியில் வென்று, 2020-ல் உண்மையான பிரிட்டிஷ் ஜி.டி. தொடரில் தன் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். நம்மில் எல்லாரும் அப்படி ஆக மாட்டோம். நம் பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்த சிமுலேட்டர் ஓடவும் ஓடாது.

ஆனால் நமக்கும் விளையாட்டு விழா வருகிறது. ரிலே ஓட்டத்தில் குச்சியைத் தவறவிட்டால் மூன்று பேர் பயிற்சி வீண். கபடியில் காலைத் தட்டிவிட்டால் ஒருவருடைய வருடமே போய்விடும். வேகத்துக்கு மட்டும் பழகிவிட்டு, "விளையாட்டுன்னா அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவரும் பன்னிரண்டு நாள் பழகித்தான் வந்திருப்பார்.

வேகத்துக்குப் பழகுவோம்! இடம் விடவும் பழகுவோம்!